வட்டம் நீள வேண்டும்

லண்டனில் மருத்துவராக இருந்த தாமஸ் யங், 1813-இல் இரத்தத்தை அளக்க ஒரு வழி சொன்னார். ஒரு தகட்டில் சின்னத் துளை. துளைக்குப் பின்னால் விளக்கு. துளைக்கும் கண்ணுக்கும் நடுவே, இரத்தம் லேசாகப் பூசிய கண்ணாடி. விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். வளையம் எவ்வளவு அகலம் என்று அளந்துவிட்டால், இரத்தத்தில் மிதக்கும் சிவப்பணு எவ்வளவு அகலம் என்பது கணக்கில் வந்துவிடும். ஆட்டு ரோமத்தின் பருமனைக் கண்டுபிடிக்கவும் அவர் இதே கருவியைத்தான் பயன்படுத்தினார். ஒளி அலையாகப் பரவுகிறது என்று வாதாடி, நியூட்டனின் ஆதரவாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே யங்தான்.

மனிதச் சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7.5 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 130 சிவப்பணுக்களை வரிசையாக வைக்கலாம். இத்தனை சிறியதை வெறும் விளக்கை வைத்து எப்படி அளக்க முடிந்தது? அலை ஒரு தடையை உரசிக்கொண்டு போகும்போது அதன் ஓரத்தில் வளைகிறது. பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதைத்தான். வளைந்த அலைகள் கைகோக்கும் இடத்தில் வெளிச்சம், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் இருட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், தடை சிறுக்கச் சிறுக்க வளையம் பெருக்கும். சிவப்பு லேசரைச் சிவப்பணுக்களின் வழியே பாய்ச்சி, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் திரையை வைத்தால், முதல் இருள் வளையம் மையத்திலிருந்து சுமார் 10 சென்டிமீட்டரில் விழும். குறுக்கே அளந்தால் ஏறத்தாழ ஒரு சாண். அதாவது சிவப்பணுவைவிட 27,000 மடங்கு பெரிது. நடுவில் ஒரு லென்ஸ்கூடக் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு சிவப்பணு உண்டாக்கும் வளையம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கல். ஆனால் வளையத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது அணுவின் அளவே தவிர, அது எங்கே இருக்கிறது என்பதல்ல. ஆகவே லட்சக்கணக்கான அணுக்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தாலும், அத்தனையின் வளையங்களும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து பிரகாசமாகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். அவற்றின் சராசரி வடிவத்தை ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது ஒரே ஒரு வளையம்.

1920-களில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அட்ரியானஸ் பைப்பர் இதே உத்தியை எடுத்துக்கொண்டு, சில வகை இரத்தசோகைகளில் சிவப்பணு பெருத்திருப்பதை வளையம் சுருங்குவதிலிருந்து காட்டினார். சாதாரண விளக்கில் ஒரு தொல்லை. ஒவ்வொரு நிறமும் தனக்கென்று ஓர் அளவில் வளையம் போடுவதால் ஓரங்கள் கலங்கிப் போகும். ஒரே நிறத்தில், ஒரே திசையில், அலைகள் பிசகாமல் வரும் ஒளி வேண்டும். அது 1960-இல் வந்தது. லேசர்.

பாரிஸை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில் மார்செல் பெசி என்ற இரத்தவியலாளர் இருந்தார். லேசர் பிறந்து இரண்டே ஆண்டுகளில், 1962-இல், அவரும் கூட்டாளிகளும் மாணிக்க லேசரை நுண்ணோக்கி வழியே குவித்து, உயிருள்ள செல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தார்கள். பின்னர் இந்தியாவிலிருந்து சென்ற பொறியியல்காரரான மோகன்தாஸ் நார்லா அவரோடு சேர்ந்தார். மருத்துவர் ஒருவரும் பொறியியல்காரர் ஒருவரும் சேர்ந்ததில் கேள்வியே மாறிப்போனது. சிவப்பணு எவ்வளவு பெரியது என்று கேட்பதை விட்டுவிட்டு, இழுத்தால் எவ்வளவு நீளும் என்று கேட்டார்கள். 1975-இல் அவர்கள் வெளியிட்ட கருவியின் பெயர் எக்டாசைட்டோமீட்டர். செல்லை நீட்டி அளக்கும் கருவி.

நீளுவது ஏன் அவ்வளவு முக்கியம்? எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்களைத் தயாரித்து அனுப்புகிறது. ஒவ்வொன்றும் 120 நாள் உழைக்கும். உடம்பை ஒரு முறை சுற்றிவர ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஆயுளில் 1,70,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களில் மடங்கி நுழைய வேண்டும். கடும் சோதனை மண்ணீரலில் காத்திருக்கிறது. அங்கே இரத்தக்குழாய்ச் சுவரில் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அகல இடுக்குகள் இருக்கின்றன. தன் குறுக்களவில் ஏழில் ஒரு பங்குள்ள சந்தில் சிவப்பணு உடம்பைப் பிழிந்துகொண்டு மறுபக்கம் வர வேண்டும். வர முடியாதது அங்கேயே சிக்கி அழிக்கப்படும்.

இந்த வித்தைக்கு உட்கரு தடையாக இருக்கும் என்பதாலோ என்னவோ, மனிதச் சிவப்பணு மஜ்ஜையை விட்டுக் கிளம்பும் முன்பே உட்கருவைத் துப்பிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு சவ்வும் அதற்குள் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் கலந்த திரவமும். அதன் கன அளவுக்கு ஓர் உருண்டை செய்தால் 97 சதுர மைக்ரோமீட்டர் சவ்வு போதும். சிவப்பணுவிடம் இருப்பதோ 135-க்கும் மேல். ஏறத்தாழ 40 சதவீதம் உபரி. முக்கால்வாசி நிரப்பிய தண்ணீர் பாக்கெட்டை எப்படி வேண்டுமானாலும் நசுக்கலாம், சந்தில் திணிக்கலாம். விறைப்பாக நிரப்பியது அசையாது, மீறி அழுத்தினால் வெடிக்கும். சிவப்பணுவின் நடுக்குழி அழகுக்காக இல்லை. அது காலி இடம்.

பரம்பரையாக வரும் இரத்த நோய்களில் ஒரு பெரிய கூட்டம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. சவ்வின் உள்பக்கத்தில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலைபோல் விரிந்திருக்கிறது. வலையைச் சவ்வோடு தைத்து வைக்கும் வேறு புரதங்களும் உண்டு. தையல் விட்டுப்போனால் சவ்வு துணுக்குத் துணுக்காக உதிரும். உபரி தீர்ந்து அணு உருண்டையாகும். இது பரம்பரை உருண்டை அணு நோய். மருத்துவர்கள் ஸ்பீரோசைட்டோசிஸ் என்பார்கள். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் 2,000 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. தையல் சரியாக இருந்து, வலையின் கண்களே இற்றுப்போனால், அணு ஒரு முறை நீண்ட பிறகு திரும்பிச் சுருங்காமல் நீள்வட்டமாகவே நின்றுவிடும். நோயாளிக்கு வெளியே தெரிவது சோகை, மஞ்சள் காமாலை, பித்தப்பைக் கல், வீங்கிய மண்ணீரல். எல்லாமே வேறு பத்து நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகள்.

இப்போது கருவிக்குள் போகலாம். ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் அசையாமல் நிற்கும் ஓர் உருளை. இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. ஒரு சொட்டில் பாதி இரத்தத்தைக் கெட்டியான ஒரு கரைசலில் கலந்து இந்த இடைவெளியில் விடுகிறார்கள். கரைசலுக்குக் கெட்டித்தன்மை தருவது, காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினில் இருக்கிறதே, அந்தப் போவிடோன். கிண்ணம் சுழலும், உருளை நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்ட திரவம் ஒருபக்கம் இழுபடும், மறுபக்கம் நின்றுபோகும். சிவப்பணுவின் மேல் விழும் அந்த இழுவிசை, நம் தமனிகளில் வழக்கமாக இருப்பதைவிடப் பல மடங்கு.

ஏன் வெறும் உப்புநீர் போதாது? போதாதுதான். வெளியே இருக்கும் திரவம் நீர்த்திருந்தால் சிவப்பணு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும். உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது கெட்டியானால் அது புரள்வதை நிறுத்தி, ஓட்டத்தின் திசையில் நீள்வட்டமாக நீண்டு, அதே கோணத்தில் நிற்கும். நிற்கிறதே தவிர, சும்மா இல்லை: சவ்வு மட்டும் அணுவைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே திசையில் நீண்டு, ஒரே சாய்வில் நிற்க, அவற்றின் வழியே லேசர் பாய்கிறது. சுழலும் முன் திரையில் இருந்த வட்டம் மெல்ல நீள்வட்டமாகிறது. அதுவும் குறுக்காக! அணு கிடைமட்டமாக நீண்டால் திரையில் தெரியும் உருவம் செங்குத்தாக நீள்கிறது. யங் காலத்து விதிதான். அணுவின் நீண்ட பக்கம் ஒளியைக் குறைவாக விரிக்கிறது, ஒடுங்கிய பக்கம் அதிகமாக விரிக்கிறது.

கேமரா அந்த நீள்வட்டத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது நீட்சி எண். நீளாத அணுவுக்குப் பூஜ்யம். நலமான இரத்தம் பலத்த இழுவிசையில் 0.6 வரை போகும். அப்படியென்றால் அணு தன் அகலத்தைப் போல நான்கு மடங்கு நீண்டுவிட்டது. விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

நீட்சி எண் மட்டும் இருந்தால் நோய் இருக்கிறது, இல்லை என்பதோடு கதை முடிந்திருக்கும். 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் மோகன்தாஸும் சக ஆய்வாளர்களும் சேர்த்த அடுத்த உத்திதான் எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்தது. கிண்ணம் சுழன்றுகொண்டிருக்க, கரைசலின் உப்புச்செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். உப்பு மிகக் குறைவான நீரில் சிவப்பணு நீரை உறிஞ்சி உப்பி, உருண்டையாகி வெடிக்கும் தறுவாயில் இருக்கும், நீளவே நீளாது. உப்பு ஏற ஏற உப்பல் வடிந்து நெகிழ்வு கூடும். நம் இரத்தத்தின் இயல்பான செறிவை ஒட்டி உச்சம். அதற்கும் மேல் உப்பைக் கூட்டினால் அணுவிலிருந்து நீர் வெளியேறி, உள்ளே ஹீமோகுளோபின் நெருக்கியடித்துக் குழம்பாகி, அணு மறுபடியும் விறைக்கும். நீட்சி எண்ணை வரைபடத்தில் குறித்தால் ஏறி இறங்கும் ஒரு வளைகோடு. சில நிமிட வேலை.

அந்த ஒரு கோட்டில் மூன்று செய்திகள் இருக்கின்றன. இடது ஓரத்தின் தாழ்ந்த புள்ளி, அணுவிடம் உபரிச் சவ்வு எவ்வளவு என்று சொல்கிறது. உச்சத்தின் உயரம் சவ்வின் நெகிழ்வு. வலதுபக்கச் சரிவு, உள்ளே இருக்கும் நீரின் அளவு. நோய்க்கு நோய் கோடு மாறுகிறது. உருண்டை அணு நோயில் உச்சம் தாழ்ந்து, இடது ஓரம் வலப்புறம் நகர்ந்து, மொத்தக் கோடும் ஒடுங்கிவிடும். நீள்வட்ட அணு நோயில் உச்சி மழுங்கித் தட்டையாகும். மலேசியாவிலும் பப்புவா நியூ கினியிலும் காணப்படும் தென்கிழக்காசிய முட்டைவடிவ அணு என்ற மாற்றத்தில் கோடு எழும்புவதே இல்லை. அணு அவ்வளவு விறைப்பு. ஆனால் அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலானோர் நலமாக நடமாடுகிறார்கள்; மூளையைத் தாக்கும் மலேரியாவிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது.

நான்காவது ஒரு கோடு உண்டு. உயிர் காப்பது அதுதான். ஸீரோசைட்டோசிஸ், வறள் அணு நோய். இதில் சவ்வுக்கு ஒன்றும் குறைவில்லை. அணு தன் நீரை இழந்து வறண்டிருக்கும். காரணம் பெரும்பாலும் பியேசோ1 என்ற புரதம். செல் இழுபடும்போது திறக்கும் நுண்கதவு அது. இவ்வகைக் கதவுகளை 2010-இல் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மரபணுப் பிழையால் கதவு சாத்திக்கொள்ளத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் கால்சியம் உள்ளே வர, பொட்டாசியமும் அதோடு நீரும் வெளியேறும்.

உருண்டை அணு நோயாளியும் வறள் அணு நோயாளியும் மருத்துவரின் முன் உட்கார்ந்தால் இருவருக்கும் அதே காமாலை, அதே வீங்கிய மண்ணீரல். உருண்டை அணு நோய் முற்றினால் மண்ணீரலை அகற்றுவது நெடுங்காலமாக நடக்கும் நல்ல சிகிச்சை. அணுக்களைச் சிறைபிடிக்கும் இடம் போய்விட்டதால் சோகை குறையும். அதே அறுவையை வறள் அணு நோயாளிக்குச் செய்தால், இரத்தம் குழாய்களுக்குள் உறைந்து கட்டிகளாகும் ஆபத்து உயிருக்கே உலை வைக்கும் அளவுக்கு ஏறிவிடுகிறது. வரைபடத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. வறள் அணுவின் கோடு உயரம் குறையாமல், அப்படியே முழுசாக இடப்பக்கம் பெயர்ந்து நிற்கும்.

எக்டாசைட்டோமீட்டர் தெருமுனை ஆய்வகத்தில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. பெரிய ஆராய்ச்சி மருத்துவமனைகளில்தான் இருக்கும். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி இன்னும் பரவலானது. அதில் சிவப்பணுக்களை ஒற்றை வரிசையில், நொடிக்கு ஆயிரக்கணக்கில், நீல லேசரைக் கடக்க விடுகிறார்கள். முன்கூட்டியே இஎம்ஏ என்ற சாயத்தை ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு அணுவின் சவ்விலும் சுமார் பத்து லட்சம் இருக்கும் பேண்ட்-3 என்ற புரதத்தில் அது ஒட்டிக்கொண்டு, லேசர் பட்டதும் ஒளிரும். சவ்வை இழந்த உருண்டை அணுவில் ஒட்ட இடம் குறைவு, ஆகவே மங்கல். 2000-இல் பிரிட்டனில் மே-ஜீன் கிங்கும் சகாக்களும் முன்வைத்த இந்தச் சோதனை சில மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். பழைய முறையில் இரத்தத்தை ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பில் வைத்திருந்து உப்புநீரில் உடைத்துப் பார்க்க வேண்டும்.

பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்கும் லேசர் ஒரு கை கொடுக்கிறது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்கும், வெறும் இரும்புச்சத்துக் குறைவு உள்ளவருக்கும் சிவப்பணு சிறுத்திருக்கும். முன்னவருக்கு இரும்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. 1980-களின் நடுவில் வந்த இரத்த எண்ணிக்கைக் கருவி ஒன்று, ஒவ்வொரு அணுவும் சிதறடிக்கும் லேசரை இரண்டு கோணங்களில் பிடித்து, அதன் கன அளவையும் ஹீமோகுளோபின் செறிவையும் தனித்தனியே பிரித்தெடுத்தது. அதற்கான கணக்கை 1908-லேயே குஸ்டாவ் மீ போட்டுவைத்திருந்தார், பொன் துகள் மிதக்கும் நீரின் நிறத்தை விளக்குவதற்காக. ஒரே ஒரு இடைஞ்சல்: மீயின் கணக்கு உருண்டைகளுக்குத்தான் எளிது, சிவப்பணுவோ தட்டு. பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? கன அளவு மாறாதபடி ஒரு மருந்தைச் சேர்த்து எல்லா அணுக்களையும் உருண்டையாக்கிவிட்டார்கள். இரும்புக் குறைவில் அணுக்கள் சிறுத்திருப்பதைவிட வெளிறியிருப்பது தூக்கலாகத் தெரியும். தலசீமியாவைச் சுமப்பவருக்கு வெளிறியிருப்பதைவிடச் சிறுத்திருப்பது தூக்கல். இது சந்தேகத்தைக் கிளப்புவதோடு சரி. உறுதிசெய்ய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை வேண்டும்.

அரிவாள் செல் சோகைக்கு வருவோம். இங்கே சவ்வில் பிழையில்லை. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களில் ஆறாவது ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீள நாராக வளர்ந்து, அணுவை உள்ளிருந்து அரிவாளாக வளைக்கும். 1949-இல் லைனஸ் பாலிங் இதை மூலக்கூறு நோய் என்று அழைத்தார். ஆப்பிரிக்காவோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்ட இது இந்தியாவிலும் இருப்பது நீலகிரியில் தெரியவந்தது. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்கே பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து 1952-இல் எழுதினார்கள். 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு மத்திய அரசின் திட்டம் ஒன்று 2023 ஜூலையில் தொடங்கியது.

அந்த முதல் சல்லடைக்கு லேசர் தேவையில்லை. மலிவான கரைதிறன் சோதனையே போதும். நோய் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரின் அணு, ஆக்சிஜன் நிறைந்த கிண்ணத்தில் மற்றவர் அணுவைப் போலவே அழகாக நீண்டுவிடுகிறது என்பதால், எக்டாசைட்டோமீட்டர் அங்கே உதவவும் உதவாது. நோயாளி யார் என்று தெரிந்த பிறகுதான் அதற்கு வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் உப்புக்குப் பதிலாக ஆக்சிஜனை மாற்றிப் பார்த்தார்கள். கிண்ணம் சுழலச் சுழல ஆக்சிஜனை மெல்ல வெளியேற்றுகிறார்கள். திரையில் நீள்வட்டம் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். ஓர் அழுத்தத்தில் சட்டென்று சுருங்கத் தொடங்கும். உள்ளே நார்கள் முளைத்துவிட்டன. மறுபடி ஆக்சிஜனைக் கொடுத்தால் நார்கள் கரைந்து நீள்வட்டம் திரும்பும். விறைக்கத் தொடங்கும் அந்த அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை, சிசுப் பருவத்தோடு மறைந்துபோக வேண்டிய ஒரு வகை ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கவைத்து நார் உருவாவதைத் தடுக்கிறது. அது வேலை செய்யும் நோயாளியின் அணுக்கள், முன்பைவிடக் குறைந்த ஆக்சிஜனிலும் விறைக்காமல் தாக்குப்பிடிக்கின்றன. எவ்வளவு குறைந்த ஆக்சிஜனில் என்பதை மருத்துவர் அந்தக் கோட்டில் படித்துவிடலாம்.